வாத்தியாருக்கு ஒரு பள்ளிக்கூடம்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. அந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி அது. பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் ஆதரவற்ற மகன்களுக்காக நடந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அங்கே இருந்த உதவி ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளிடமும் அக்கறை இல்லை, புதிதாக எதையும் செய்து பார்க்கவும் மனமில்லை.

ஒரு நாள் காலையில் குதிரையில் போய்க்கொண்டிருந்த பெல், வழியில் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். இதையே தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் அசையவில்லை. அவர் கடைசி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்று தள்ளிய வேலையைப் பையன் செய்துகாட்டினான். அரிச்சுவடியே ஏறாத பிள்ளைகள் அவனிடம் எழுத்துப் படித்தார்கள். ஊர் திரும்பிய பெல் 1797-இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித்தரும் அந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. 1832-இல் பெல் இறந்தபோது அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் கொடுத்தார்கள்.

மணலில் எழுதியதை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் பெல் பாதியைத்தான் பார்த்திருப்பார். திண்ணைப் பள்ளியின் மறுபாதி சட்டாம்பிள்ளை. வாத்தியார் வெளியே போனாலும், கண்ணயர்ந்தாலும், கூட்டம் அதிகமானாலும் பள்ளியை நடத்தியவன் அவன்தான். சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பான். எண்சுவடியை அவன் முன்னே சொல்ல மற்றவர்கள் பின்னே சொல்வார்கள். தவறு செய்தவனை வாத்தியாரிடம் காட்டிக்கொடுப்பதும் அவன் வேலைதான். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குச் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் நினைவிருக்கும். அந்த அதிகாரத்துக்குள் ஒரு பயிற்சியும் நடந்தது. நாளை வாத்தியாராகப் போகிற பையன், இன்றைய வாத்தியாரின் கண் முன்னாலேயே, நிஜமான பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொழில் பழகினான். பாடத்தோடு பிரம்பையும் பழகினான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாத்தியார் அடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் வாத்தியாரானதும் அடித்தான். அதைத் தடுத்துக் கேட்க அந்த ஏற்பாட்டில் ஆள் இல்லை.

இப்படி எத்தனை பள்ளிகள் இருந்தன என்று கணக்கெடுக்கச் சொன்னவர் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ. 1822-இல் எல்லாக் கலெக்டர்களுக்கும் ஆணை போனது. கணக்குகள் வந்து சேர்ந்து, 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 என்று பதிவாகியிருக்கிறது. படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. இந்த எண்ணிக்கையை வைத்துப் பழைய கல்வியைப் புகழ்பவர்களும் உண்டு, குறைசொல்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் அதிகம் பேசாத ஒரு செய்தி அதே குறிப்பில் இருக்கிறது. பிள்ளைகள் கொடுக்கும் சம்பளத்தையே நம்பிப் பிழைத்த வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்றும், இந்தக் காசுக்குத் தகுதியானவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்றும் மன்றோ எழுதினார். ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளிகள், தாசில்தார் எல்லைக்கு ஒரு பள்ளி, அவற்றின் வாத்தியார்களுக்கு முறையே 15 ரூபாயும் 9 ரூபாயும் மாதச் சம்பளம், வாத்தியார்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு நடுவிடம் என்பது அவர் போட்ட திட்டம்.

வாத்தியாருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் அதற்கும் முன்பே துளிர்த்திருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716-லேயே உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்க ஒரு செமினரி தொடங்கினார். ஆனால் அரசு தன் பணத்தைப் போட்டு இந்தப் பொறுப்பை ஏற்க நினைத்தது மன்றோ காலத்தில்தான். 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோனது. திட்டத்தைத் தன் திட்டமாக நினைத்துக் காப்பாற்ற யாரும் இல்லை. தாசில் பள்ளிகளை 1836-இல் மூடிவிட்டார்கள்.

அடுத்த முயற்சிக்கு இருபது ஆண்டு ஆனது. 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, ஒவ்வொரு மாகாணத்திலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்றது. இங்கிலாந்தில் அப்போது பெல்லின் முறையே பழையதாகிவிட்டிருந்தது. சின்னப் பிள்ளைகளின் தலையில் மொத்த வகுப்பையும் கட்டுவதற்குப் பதில், பதின்மூன்று வயதில் ஒருவரைச் சேர்த்து ஐந்தாண்டு ஒரு தலைமையாசிரியரிடம் பழகவிடும் 'மாணவ ஆசிரியர்' முறையை 1846-இல் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் காற்று இங்கும் அடித்தது. 1856-இல் சென்னையில் அரசு நார்மல் ஸ்கூல் தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டைக்கு இடம் மாறி, ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்து, சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் எல்.டி. பயிற்சி பெற்ற இடமாக ஆனது அதுதான்.

சைதாப்பேட்டை பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளுக்கான இடம். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் வாத்தியாரை உருவாக்கும் வேலையை மாவட்டங்களில் இருந்த அரசு, மிஷன் டிரெயினிங் பள்ளிகள் செய்தன. 1882-இல் ஹண்டர் கமிஷன், தொடக்கப் பள்ளிகளுக்கான பயிற்சிப் பள்ளிகளைக் கல்வி ஆய்வாளரின் ஒவ்வொரு சரகத்திலும் பரவலாக அமைக்கச் சொன்னது. எட்டாவது படித்தவருக்கு ஒரு கிரேடு, பள்ளி இறுதி முடித்தவருக்கு இன்னொரு கிரேடு என்று ஏணிப்படி வந்தது. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு, செகண்டரி கிரேடு என்ற சொற்கள் ஊர்ப்புறத்தில் வாத்தியாரின் பெயரோடு ஒட்டிக்கொண்டன. பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட "மாப்பிள்ளை செகண்டரி கிரேடு டிரெயினிங்" என்பது ஒரு தகுதியாக இருந்தது. அந்தச் சொல்லின் நிழல்தான் இன்றைய 'இடைநிலை ஆசிரியர்'. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவருக்கு இன்றும் அந்தப் பெயர்.

இந்தப் பயிற்சிப் பள்ளிகளில் மிகச் சிறந்த ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒவ்வொன்றின் வளாகத்திலும், அல்லது கூப்பிடு தூரத்தில், ஒரு மாதிரிப் பள்ளி உண்டு. ஊர்ப் பிள்ளைகள் அங்கே தினமும் படிக்க வருவார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் முதலில் அந்த வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மூத்த ஆசிரியர் மாதிரிப் பாடம் நடத்துவார். பிறகு பயிற்சி மாணவர் பாடக்குறிப்பு எழுதி, ஒப்புதல் வாங்கி, பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்வரிசையில் கூடப் படிக்கும் பயிற்சி மாணவர்கள் அத்தனை பேரும் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார்கள். பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும் விமரிசனம் ஆரம்பமாகும். கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பெயரைச் சொன்னாரா, பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டாரா? கரும்பலகையில் எழுதும்போது முதுகை முழுசாகக் காட்டினாரா? கடைசி பெஞ்சுப் பையனிடம் ஒரு கேள்வியாவது போனதா? எழுத்து, குரல், நின்ற இடம் என்று எதுவும் தப்பாது.

கேள்விக்கும் பெயருக்கும் உள்ள வரிசையை ஏன் அவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். "முருகா, ஏழெட்டு எத்தனை?" என்றால் முருகன் மட்டும் யோசிப்பான். மற்றவர்கள் தப்பித்தோம் என்று ஜன்னலைப் பார்ப்பார்கள். "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டு, ஒரு நொடி நிறுத்திப் பிறகு பெயரைச் சொன்னால், வகுப்பு முழுவதும் அந்த ஒரு நொடி கணக்குப் போடும். புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் கை நடுங்க நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது அது வாயில் வர வேண்டுமென்றால், பலமுறை தவறிப் பலமுறை திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

வெளியே நிலைமை வேறாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசு மானியம் பெற்ற ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு, இன்ஸ்பெக்டர் வந்து நடத்தும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்பதைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறை இருந்தது. பயிற்சிப் பள்ளியில் ஐரோப்பியக் கல்வியாளர்கள் பெஸ்டலோசி, ஃபிரோபல் வழியில் ஒரு பூவையோ காயையோ கையில் கொடுத்துப் பேசவைக்கும் பொருட்பாடம் கற்றுக்கொண்டு போனவர், ஊருக்குப் போனதும் இன்ஸ்பெக்டர் கேட்கப்போகும் பாட்டை மனப்பாடம் செய்ய வைத்தார். அவருடைய வீட்டு அடுப்பு அந்தத் தேர்வில்தான் எரிந்தது. பயிற்சி வீண் என்று அன்றைக்கே பேசியவர்கள் இந்தக் காரணத்தைப் பார்க்கவில்லை.

பெண்களின் கதை தனி. 1866-இல் இந்தியா வந்த மேரி கார்ப்பென்டர், பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர்கள் இல்லாததே தடை என்று கண்டு, பெண்களுக்கான பயிற்சிப் பள்ளிகளை அரசே நடத்த வேண்டும் என்று வாதாடினார். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயரால் நடந்த பயிற்சிப் பள்ளி, திருநெல்வேலிச் சீமையின் கிராமப் பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர்களை அனுப்பியது. ஆனால் இந்துக் குடும்பங்களிலிருந்து பெண்கள் இந்த வேலைக்கு வருவது அரிதாகவே இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் முடிந்த பெண் எப்போது பயிற்சிக்கு வருவாள்?

அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஆர்.எஸ். சுப்பலட்சுமி. 1886-இல் பிறந்தவர், சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்தவர். அப்பாவும் வீட்டுப் பெண்களும் துணை நிற்கப் படித்து 1911-இல் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். தன்னைப் போல் மூலையில் உட்காரவைக்கப்பட்ட இளம் விதவைகளைத் தேடி, எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு பேரோடு இல்லம் தொடங்கினார். பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் துணையாக நின்றார். அரசுக்குப் பெண் ஆசிரியர்கள் தேவை, இந்தப் பெண்களுக்கு ஒரு வாழ்க்கை தேவை. இரண்டையும் இணைக்க முடியும் என்று அந்த இருவரும் கண்டார்கள்.

இல்லம் பெரிதானபோது கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கிடைத்தது. அமெரிக்காவின் டியூடர் கம்பெனி கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைப் பத்திரப்படுத்த 1842-இல் கட்டிய வட்டக் கட்டடம் அது. 1897-இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுதான். கூந்தலை இழந்த, காலையில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஊர் ஒதுங்கிய பெண்கள், அந்தக் கட்டடத்திலிருந்து புத்தகங்களோடு கிளம்பிப் பள்ளிக்கும், பயிற்சிக்கும், அருகில் 1914-இல் தொடங்கிய மகளிர் கல்லூரிக்கும் போனார்கள். வைதிகர்களின் எதிர்ப்பைச் சமாளிக்க அந்த விடுதியைப் பிராமண விதவைகளுக்கு மட்டும் என்று வைக்க வேண்டியிருந்தது. அது அந்த முயற்சியின் எல்லை. சுப்பலட்சுமி 1927-இல் தொடங்கிய சாரதா வித்யாலயத்தில் அந்த எல்லை விரிந்தது.

1922-இல் மெரினா கடற்கரையில் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி திறந்தபோது சுப்பலட்சுமிதான் அதன் முதலாவது முதல்வர். பட்டதாரிகளுக்கும், நடுநிலைப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கும், தொடக்கப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. கூடவே ஒரு மாதிரிப் பள்ளி. உடற்பயிற்சியும் கைத்தொழிலும் பாடத்தில் இடம்பெற்றன. குரல் உயர்த்திப் பேசியே பழகாத, வீட்டுக் கூடத்துக்குக்கூட வராமல் வளர்ந்த ஒரு பெண், முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று "எல்லோரும் கவனியுங்கள்" என்று சொல்ல வேண்டும். மற்ற பயிற்சிப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுக்கப் பழக்கினார்கள் என்றால், இங்கே அதற்கு முன்பு நிமிர்ந்து நிற்கவே பழக்க வேண்டியிருந்தது. 1941 வரை சுப்பலட்சுமி அந்த வேலையைச் செய்தார். அவரிடம் பழகிய பெண்கள் ஊர் ஊராகப் போய்த் தலைமையாசிரியைகள் ஆனார்கள். தமிழ்நாட்டுப் பெண் கல்வியின் வரலாற்றில் அந்தக் கடற்கரைக் கட்டடங்களுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

பள்ளியின் வாசலே மூடியிருந்த சாதிகளின் பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்வது என்பது இன்னொரு கேள்வி. 1894-இல் அடையாறில் கர்னல் ஆல்காட் பஞ்சமர்களுக்கான முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளிகளில் விளையாட்டோடு கற்றுத்தரும் கிண்டர்கார்டன் முறை பின்பற்றப்பட்டது. நகரத்தின் வசதியான பள்ளிகள் பிரம்பைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அடையாற்றின் சேரிப் பிள்ளைகளுக்குப் புது முறையில் பாடம் நடந்தது. மிஷன் டிரெயினிங் பள்ளிகளும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த இளைஞர்களுக்கு வாத்தியார் வேலையைத் திறந்துவிட்டன. ஒரு தலைமுறை முன்பு வரை எழுத்தே மறுக்கப்பட்ட குடும்பத்தின் முதல் அரசு மரியாதை, பல ஊர்களில், வாத்தியார் என்ற சொல்லாகவே வந்தது.

அதே அடையாறில் 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி வந்து இறங்கினார். தியோசாபிகல் சொசைட்டி அழைத்திருந்தது. அறுபத்தொன்பது வயது. மகன் மரியோ கூட வந்திருந்தார். சில மாதங்கள் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் முந்நூறு பேருக்குக் குறையாமல் சேர்ந்தார்கள். பனையோலைக் கொட்டகைகளில் வகுப்பு. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டார் ஆனார்கள். மரியோவைச் சிறைவைத்தார்கள். மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, 1940 ஆகஸ்ட் 31-இல், மகனை விடுதலை செய்தார்கள். போர் முடியும்வரை தாயும் மகனும் இங்கேயே இருந்தார்கள். கொடைக்கானலில் கழித்த ஆண்டுகளில்தான், அதுவரை சிறு குழந்தைகளுக்கென்றே பெரிதும் இருந்த தன் முறையைத் தொடக்கப் பள்ளி வயதுக்கு விரிவாக்கினார்.

அந்தப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் கற்றது, அதுவரை இங்கே கற்றதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. நார்மல் ஸ்கூல் வாத்தியாரை முன்னால் வந்து நிற்கச் சொன்னது. மாண்டிசோரி ஓரமாகப் போய் உட்கார்ந்து பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னார். மணிக்கோவைகளையும், உருளைகளையும், உப்புத்தாள் எழுத்துகளையும் பயிற்சி மாணவர்கள் தாங்களே எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எப்போது உதவக் கூடாது என்பதும் ஒரு பாடமாக இருந்தது. அவர் இந்தியாவில் இருந்த காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றார்கள் என்பது கணக்கு. அந்த முறை பிறகு பெரும்பாலும் கட்டணம் கட்டக்கூடியவர்களின் பள்ளிகளில் தங்கிவிட்டது வருத்தத்துக்குரியது. ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் 1907-இல் பிறந்த முறை அது.

காந்தியின் ஆதாரக் கல்வி ஏழைகளை விட்டு நகரவில்லை. 1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டிலிருந்து கிளம்பிய அந்தத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் பெரியநாயக்கன்பாளையம், தே. கல்லுப்பட்டி, காந்திகிராமம் போன்ற இடங்கள் தூக்கிப் பிடித்தன. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்தபோது அரசின் ஆதரவும் கிடைத்தது. ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர் விடியற்காலையில் எழுந்து பிரார்த்தனைக்குப் போவார், கக்கூஸ் கழுவுவார், தக்ளியில் நூற்பார், தோட்டத்தில் கொத்துவார். அதன்பிறகு, நூற்ற நூலின் நீளத்தை வைத்துக் கணக்கையும், பருத்தி விளையும் மண்ணை வைத்துப் புவியியலையும் எப்படிச் சொல்வது என்று பாடக்குறிப்பு எழுதுவார். சாதிப் பாகுபாடு இல்லாமல் ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே கக்கூஸைக் கழுவிய அந்த இளைஞர்களில் பலர் கிராமங்களுக்கு அந்தப் பழக்கத்தோடு போனார்கள். தக்ளி அறுபதுகளில் மறைந்துவிட்டது. பெற்றோர்கள் பிள்ளையை நூற்க அனுப்பவில்லை, படிக்க அனுப்பினார்கள். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த, அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோரின் தொழில் என்ற திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டதில், அந்தப் பெற்றோர்களின் மனம் வெளிப்பட்டது.

காமராஜர் காலத்தில் கேள்வி எண்ணிக்கையாக மாறியது. 1954-இல் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரானார். பள்ளியே இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறந்தன. 1956 முதல் மதிய உணவு வந்தது. பிள்ளைகள் வந்தார்கள், வாத்தியார் வேண்டும். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை அந்தப் பள்ளிகளில் அமர்த்தினார்கள். ஓராசிரியர் பள்ளி வாத்தியாருக்கு ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து போட்டுக்கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிவிட்டு, ஐந்தாம் வகுப்புக்காரனைக் கூப்பிட்டு இரண்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். சட்டாம்பிள்ளை வேறு பெயரில் திரும்பி வந்தான். பயிற்சிப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு பாடம் எடுத்துப் பழகியவருக்கு இந்த வித்தையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

1964-66 கோத்தாரி கமிஷன் இந்த இடைவெளியைத்தான் சுட்டிக்காட்டியது. பயிற்சி நிறுவனம் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம் என்று இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நடப்பதே பெரிய குறை என்றது. அதற்கான மருந்தாக 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு வந்தவை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள். மக்கள் வாயில் 'டயட்'. அவற்றின் ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே ஒன்று புரியும். உத்தமசோழபுரம், மாயனூர், முனைஞ்சிப்பட்டி, வானரமுட்டி, குருக்கத்தி, மஞ்சூர், தே. கல்லுப்பட்டி. மாவட்டத் தலைநகரங்களில் அல்ல, பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர்களில். தொடக்கப் பள்ளி வாத்தியார் எங்கே வேலை செய்யப் போகிறாரோ அங்கேயே அவரை உருவாக்க வேண்டும் என்ற பழைய நினைப்பு அந்த முகவரிகளில் இருக்கிறது.

பன்னிரண்டாவது முடித்து டயட்டில் சேர்ந்த பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகளை அவர்கள் அறைகளில் பார்த்திருக்கலாம். கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்த சார்ட்டுகள். புளியங்கொட்டை, வளையல் துண்டு, தீக்குச்சி, கொட்டாங்குச்சி என்று கணக்குச் சொல்லச் சேர்த்துவைத்த பொருட்கள். மின்னட்டைகள். இரவு பத்து மணிக்கு மேல் எழுதிய பாடக்குறிப்பேடுகள். கற்பித்தல் பயிற்சிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனால், சில இடங்களில் வகுப்பாசிரியர் பின்னால் உட்கார்ந்து கவனித்துத் திருத்துவார். சில இடங்களில் பயிற்சி மாணவி வந்ததும் வகுப்பை அவளிடம் விட்டுவிட்டுப் பதிவேடு எழுதப் போய்விடுவார். முதல் வகைப் பள்ளி கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வருடக் கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து பாடத்தைப் பார்ப்பார்கள். அதற்குக் 'கமிஷன்' என்று பெயர். அந்த நாளுக்காகப் பிள்ளைகளையே முன்கூட்டித் தயார்செய்து வைப்பதும் நடந்தது. கேட்கிற கேள்விக்கு எல்லாக் கைகளும் உயரும். அப்படித் தேறியவருக்கு, எந்தக் கையும் உயராத ஒரு நிஜ வகுப்பில் என்ன செய்வது என்பது தெரியாமலே போனது.

2000-க்குப் பிறகு தனியார் பயிற்சிப் பள்ளிகள் பெருகின. இடைநிலை ஆசிரியர் வேலை உறுதி என்ற நம்பிக்கையில் நிலத்தை விற்றும் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். கட்டடமும் ஆய்வக அலமாரியும் இருந்தன. பல இடங்களில் பிள்ளைகள் படிக்கும் மாதிரிப் பள்ளி மட்டும் இல்லை.

அதே காலத்தில் அரசுப் பள்ளியில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியால், ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. நாற்காலியிலிருந்து வாத்தியார் பாய்க்கு இறங்கினார். சுவரோரத்தில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப்பந்தலில் பிள்ளைகள் வரைந்த தாள்கள். கற்றல் ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, தனக்கான அட்டையைத் தானே எடுத்துவந்து, தெரிந்த பிள்ளையோடு சேர்ந்து பிள்ளை படித்தது. எழும்பூரில் ஃபிரிஸ்கன் செய்ததை இருநூறு ஆண்டு கழித்து சென்னைப் பிள்ளைகள் செய்தார்கள், இம்முறை மேற்பார்வைக்கு ஒரு பெரியவரும் அருகில் இருக்க. குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தால் மாற்று வராது, ஒரே அறையில் நாலு வகுப்புப் பிள்ளைகள் நாலு படியில் நிற்பார்கள். ஆனாலும் அந்த வகுப்பில் பயம் குறைந்திருந்தது. போய்ப் பார்த்தவர்கள் முதலில் சொன்னது அதைத்தான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12-இல். 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம். இரண்டு தாள்களுமாக ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448. தொடக்கப் பள்ளிக்கான முதல் தாளில் 1,735. நேரம் போதவில்லை என்ற குரல் எழுந்து, அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, வாத்தியார்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பலர் எழுதினார்கள். ஒரு கேள்விக்கு முப்பத்தாறு நொடி வீதம் விடைத்தாளில் வட்டம் கறுக்கத் தெரிந்ததா என்பதைத்தான் அந்தத் தேர்வு அளந்தது. அழுதுகொண்டே முதல் நாள் வரும் குழந்தையை உட்காரவைக்கத் தெரியுமா என்று பார்க்க அதில் வழியே இல்லை. தகுதியைச் சோதிப்பது நியாயம். ஆனால் மாதிரிப் பள்ளியின் பின்வரிசையில் உட்கார்ந்து திருத்தியவர்கள் செய்துவந்த வேலையை எந்த விடைத்தாளாலும் செய்ய முடியாது. வேலைவாய்ப்பு சுருங்கியதும் பட்டயப் படிப்புக்கு ஆள் குறைந்தது. தனியார் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. சில டயட்களில் புதிய சேர்க்கையே நின்றது.

2022 முதல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்து தவறிய பிள்ளைகளுக்காக வந்த திட்டம். வகுப்பை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம். இன்று பயிற்சியில் இருக்கும் பெண் நாளை வேலைக்குப் போனால், எழுத்து தெரியாத அரும்பும், சொல் கூட்டும் மொட்டும், பத்தி படிக்கும் மலரும் ஒரே அறையில் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் நடத்துவதை அவள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள் என்பது இன்றைய கேள்வி. முனைஞ்சிப்பட்டியிலும் மாயனூரிலும் நிலமும் கட்டடமும் இருக்கின்றன, பக்கத்திலேயே பிள்ளைகள் நிறைந்த அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. அந்தப் பள்ளியின் நல்ல ஆசிரியர் ஒருவருக்கு, தன் வகுப்போடு சேர்த்து இரண்டு மூன்று பயிற்சி மாணவர்களையும் ஆண்டு முழுவதும் வளர்க்கும் பொறுப்பும், அதற்கு வேண்டிய நேரமும் சம்பளமும் கொடுத்துப் பார்க்கலாம்.